குரல் பதிவும் கூட்டமும்: கோத்தகிரி நாட்குறிப்பு

அக்டோபர் 9

மாலையில் எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. இந்திக்காரன் ஒருவன் சிறு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியதாகவும், தாய்மார்கள் கவனமாக இருக்க வேண்டும் என்றும் ஒரு பெண் அழுதுகொண்டே சொல்கிறார். சற்று நேரத்திலேயே, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் இளைஞர்கள்தான் அது என்று பேச்சு உறுதியாகிவிட்டது. இரவு உணவுக்குள் அவர்களை அறையைக் காலி செய்யச் சொல்ல வேண்டும் என்ற இடத்துக்குப் போய்விட்டார்கள்.

பதிவைக் கேட்டபோது எனக்கும் நெஞ்சு படபடத்தது. பிள்ளைக்கு ஆபத்து என்று கேட்டால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் நாம் பதறுகிறோம் என்பதையே அந்தச் செய்தி மெய் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது. அடுப்பு வேலை முடியும் வரை பதில் எழுதுவதில்லை என்று கைப்பேசியை அலமாரியில் வைத்தேன்.

அக்டோபர் 10

பதிவை அனுப்பியவரிடம் நேரில் கேட்டேன். நாத்தனார் அனுப்பியது என்றார். நாத்தனாருக்குக் குன்னூரில் உள்ள ஒரு குழுவிலிருந்து வந்ததாம். அதற்கு மேல் தடம் இல்லை. அமர்ந்து நிதானமாகத் திரும்பக் கேட்டால், அதில் ஊரின் பெயர் இல்லை, நாள் இல்லை, பிள்ளையின் பெயரோ பெற்றோரின் பெயரோ இல்லை. ஜார்க்கண்ட் என்ற சொல்லும் இல்லை. அதைச் சேர்த்தது நாங்கள்தான். முன்பே மனத்தில் இருந்த சந்தேகம் விடுபட்ட இடங்களையெல்லாம் நிரப்பிக்கொண்டது. எங்கள் லயங்களில் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை என்பதை வீடு வீடாகக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் நடந்ததை நினைக்காமல் இருக்க முடியவில்லை. குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து வந்த குடும்பம் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. உடன் வந்த மூதாட்டி அங்கிருந்த பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் அடித்ததில் அவர் இறந்தார். அந்த ஆண்டு நாடெங்கும் இப்படிப் பல உயிர்கள் போன பிறகுதான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் பகிர முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களும் பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நம்பியிருப்பார்கள்.

அக்டோபர் 12

மாரியம்மன் கோயில் முன்பு கூடினார்கள். நான் கேட்டது ஒன்றே: "கண்ணால பாத்தவங்க யாராவது இருக்கீங்களா?" யாரும் கை தூக்கவில்லை. இருந்தும் கோபம் அடங்கவில்லை, "நெருப்பில்லாம புகையுமா டீச்சர்?" என்றார் ஒருவர். அப்போது மூத்தவரான பெரியப்பா பேசினார். 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று, என்னுடையதும் ஒன்று. "நாம வந்தப்ப, சிலோன்காரங்க வந்துதான் களவு கூடிப்போச்சுன்னு சொன்னாங்க. அப்பவும் பாத்தவங்க ஒருத்தரும் இல்லை" என்றார். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பின் இரண்டு பெண்கள், அந்த இளைஞர்கள் தங்கள் பிள்ளைகளோடு பந்து விளையாடுவதைத் தினமும் பார்ப்பதாகச் சொன்னார்கள். அதுவரை அவர்களும் வாய் திறக்கவில்லை.

அக்டோபர் 13

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950-களில் அமெரிக்காவில் நடத்திய சோதனையை இன்று பத்தாம் வகுப்பில் விளக்கினேன். கோடுகளில் எது சம நீளம் என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தும், முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டவர்கள் ஒருமித்துத் தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒரு முறையாவது அவர்களோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலும் அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. விடையைத் தனியாகத் தாளில் எழுதவிட்டபோதும் குறைந்தது. கோயில் முன்பு பெரியப்பா பேசிய பிறகு அந்தப் பெண்களுக்கு வாய் திறந்ததும் இதனால்தான் என்று எண்ணுகிறேன்.

புகை, நெருப்பு என்று பேசியவர் இன்னும் மனம் மாறவில்லை. ஊரார் முன்னிலையில் சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவது எவருக்கும் கடினம். நாளை மாலை அவர் வீட்டுக்கே போய், அவரிடம் தனியாகப் பேசப் போகிறேன்.