உப்பைக் கழுவிய கதை

வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை பார்க்கும் மாமா ஒருநாள் பாத்தி ஓரத்திலிருந்து ஒரு படிகக் கொத்து எடுத்துக் கொடுத்தார். கட்டைவிரல் நக அளவில் சதுரம் சதுரமாக ஒட்டிக்கிடந்த உப்பு, மேலே கொஞ்சம் சேறு. வீட்டுக்கு வந்த வேகத்தில் குழாயடியில் காட்டினேன். சேறு போவதற்குள் முனையெல்லாம் போய், வாயில் போட்டுச் சப்பித் துப்பின கற்கண்டு மாதிரி ஆகிவிட்டது.

"ஏன் மாப்ளே, உப்பைப் போயா தண்ணியில கழுவுவாக?" என்று மாமா சிரித்தார்.

நியாயம்தான். ஒரு லிட்டர் தண்ணீர் 350 கிராமுக்கு மேல் உப்பைக் கரைக்கும். இப்போதெல்லாம் நான் அடியில் உப்பு தங்கி நிற்கும்வரை கல் உப்பைப் போட்டுக் கலக்கி, ஒரு நாள் தெளியவிட்டு, அந்த மேல்தண்ணீரில்தான் படிகத்தை முக்கிச் சின்ன பெயிண்ட் பிரஷ்ஷால் அழுக்கைத் தட்டிவிடுகிறேன்; ஏற்கெனவே வயிறு நிறைந்த தண்ணீர், அதனால் கல்லைத் தொடாது. எடுத்ததும் பருத்தித் துணியால் ஒற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய்ந்து வெள்ளைப் பூ பூத்துவிடும். கடைசியாக, மிச்ச ஈரம் போக, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு (அடுப்புப் பக்கம் வேண்டாம்). 70 சதவீதம் வாங்காதீர்கள், மீதி தண்ணீர்.

உப்பு விளைவதற்கு முன்னாலேயே அதே கடல்நீரில் படியும் ஜிப்சம் என்ற கனிமம் வேறு ரகம். தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம்தான் கரையும், அதனால் சட்டென்று அலசி எடுக்கலாம். ஆனால் நகம் பட்டாலே கோடு விழும்! பிரஷ்ஷைவிட அதில் ஒட்டியிருக்கும் மணல்தான் எதிரி. சீக்கிரம் காயட்டும் என்று ஓவன் அடுப்பில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறி வெளுத்துப்போகும்.

அப்புறம், பித்தளைக்குப் புளி போடுகிற பழக்கத்தில் கால்சைட்டுக்கும் (சுண்ணாம்புக்கல்லில் இருக்கும் கனிமம்) புளி, வினிகர் என்று போகாதீர்கள்; நுரைத்து அரித்துவிடும். புனே பக்கத்திலிருந்து வரும் ஊசி ஊசியான ஜியோலைட் கனிமப் படிகங்களுக்கு பிரஷ்ஷே கூடாது, கேமரா துடைக்கும் ரப்பர் ஊதி போதும்.

நம் ஊரில் கழுவுவதைவிட வைப்பதுதான் பாடு. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே கசியும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். இறுக்கமான டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். போன மழையில் அம்மா திறந்து பார்த்துவிட்டு மூட மறந்துவிட்டார். காலையில் கல்லுக்கு அடியில் குட்டிக் குளம்.