இரண்டு துடைப்பம், ஒரு ரீம் பேப்பர்

உகாண்டா போய்வந்து மூன்று மாதம் ஆகிறது. "சாட்சி எழுதிக் குடுங்கக்கா" என்று வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் நச்சரித்ததில் சபைப் பத்திரிகைக்கு அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் உண்மைதான். அதில் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஜிஞ்சா என்ற ஊர்ப் பக்கம் இருக்கிற பிள்ளைகள் காப்பகம் ஒன்றுக்கு நாங்கள் பன்னிரண்டு பேர் போனோம். சிங்கப்பூரில் இருக்கிற தமிழ்ச் சபை என்றாலும் பாதிப் பேருக்கு ஊர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம். கப்பல் கம்பெனியில் கணக்கு பார்க்கிறவள் என்பதால் பொருளாளர் வேலை என் தலையில் விழுந்தது. மஞ்சள் காய்ச்சல் ஊசி, அதற்கான மஞ்சள் அட்டை, மலேரியா மாத்திரை, விசா, துபாய் வழியாக என்டெபிக்கு டிக்கெட், பத்து நாள் தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மொத்தம் 38,400. மூன்று ஞாயிறு பிரியாணி விற்றோம், மீதி கைக்காசும் காணிக்கையும். இந்தக் கணக்கு பின்னால் வரும்.

என்டெபியிலிருந்து கம்பாலா வரைக்கும் ஏரிக்காற்று. கம்பாலா நெரிசலைத் தாண்டி ஜிஞ்சாவுக்கு இன்னும் 80 கிலோமீட்டர். நடுவில் மபிரா காடு, அப்புறம் கரும்பும் தேயிலையும். வேன் நின்ற இடத்தில் கம்பியில் குத்திய கோழியையும் சுட்ட வாழைப்பழத்தையும் ஜன்னலுக்குள் நீட்டினார்கள். அந்தப் பழத்துக்கு அங்கே கோன்ஜா என்று பெயர். நம்ம ஊர் நேந்திரம் தோற்றது, போங்கள்.

மண்ணைப் பார்த்ததும்தான் எனக்கு என்னவோ செய்தது. சாத்தான்குளம் தேரி மாதிரியே சிவப்பு. ஜிஞ்சா கடைத்தெருவில் பழைய கட்டடங்களின் நெற்றியில் குஜராத்திப் பெயர்களும் கட்டிய வருஷமும் இருக்கின்றன. 1972இல் இடி அமின் 90 நாள் கெடு கொடுத்து ஆசியர்களைத் துரத்தினாரே, அவர்கள் விட்டுப்போனவை. நைல் புறப்படுகிற இடத்தில் காந்தி சிலை. அவருடைய அஸ்தியில் கொஞ்சம் 1948இல் அங்கே கரைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் எங்களைப் பார்த்து "முயிண்டி! முயிண்டி!" என்று கத்தின. இந்தியன் என்று அர்த்தமாம். நாங்கள் வெள்ளைக்காரர்கள் மாதிரி கையசைத்தோம்.

காப்பகம் ஊருக்கு வெளியே. 46 பிள்ளைகள். வேன் நிற்பதற்குள் வரிசையில் நின்று பாட ஆரம்பித்துவிட்டார்கள். நான் கால் வைத்து இறங்கவில்லை, ஒரு எட்டு வயதுப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க விடவில்லை. ராத்திரி கொசுவலைக்குள் படுத்து அழுதேன். கர்த்தர் இதற்காகத்தான் கூட்டிவந்தார் என்று நினைத்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த நர்ஸ் அக்கா மட்டும், "முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்ட எட்டு வயசுப் புள்ள இப்படி ஒட்டுனா அது நல்லதுக்கில்லம்மா" என்றார். எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த நாள் விபிஎஸ், அதாவது பிள்ளைகளுக்கான விடுமுறை வேதாகமப் பள்ளி. நோவாவின் பேழை, வண்ணக் காகிதத்தில் மிருகங்கள், ஆக்‌ஷன் பாட்டு. நம் தம்பி ஒருவன் இரண்டாவது அடியில் கையைத் தப்பாக ஆட்ட, ஒரு பையன் எழுந்து திருத்தினான். எல்லாருக்கும் பாட்டு தெரிந்திருந்தது. மத்தியானம் போஷோவும் பீன்ஸும் சாப்பிட்டுவிட்டு (சோளமாவுக் களி, கேப்பைக் களிக்குப் பழகிய வாய்க்குக் கஷ்டமில்லை) ஆபீஸில் வருகைப் புத்தகத்தைப் புரட்டினேன். தொழில் புத்தி. அந்த வருஷம் மட்டும் பதினொரு டீம். அதில் ஏழு டீம் நோவா கதையைத்தான் நடத்தியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இத்தனையும்.

கேட்டுக்கு வெளியே ஒரு பெண் நின்றிருந்தார். தோள்பட்டை கூராக நிற்குமே, அந்த ஊர்ப் புடவை மாதிரியான கோமெசி, கையில் பொட்டலம். நாங்கள் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தோம், போட்டோ வேறு. என் கையைப் பிடித்திருந்தவள் சட்டென்று விட்டுவிட்டு "மாமா!" என்று கேட்டைப் பார்த்து ஓடினாள். அங்கே மாமா என்றால் அம்மா. பொறுப்பாளர் அம்மாள் பாதியில் பிடித்து வரிசைக்குத் திருப்பினார். விருந்தாளிகள் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னதாகச் சமையல்கார ஆன்ட்டி பிறகு சொன்னார்.

நான் கேட்டுக்குப் போனேன். ஆன்ட்டிதான் மொழிபெயர்த்தார். கரும்புத் தோட்டத்தில் களையெடுக்கிறவர். புருஷன் இல்லை, நாலு பிள்ளைகள். 1997இலிருந்து அரசு ஆரம்பப் பள்ளியில் கட்டணம் கிடையாது என்பது அரசின் கொள்கை. ஆனால் சீருடை, நோட்டு, மத்தியானக் கஞ்சிக்குக் காசு என்று சேர்த்தால் ஒரு டெர்முக்கு 150,000 ஷில்லிங் ஆகிறதாம். இங்கே படிப்பும் சாப்பாடும் கிடைக்கிறது, அதனால் விட்டேன் என்றார். பள்ளிக்கூடம்தான் லீவு விட்டாச்சே, வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாதா என்று கேட்டேன். டிசம்பரில்தான் டீம்கள் நிறைய வருவார்கள், பிள்ளைகள் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பொட்டலத்தில் வறுத்த நிலக்கடலை.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். அப்பா எட்டு வயதிலிருந்து மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர். அமெரிக்கக் கோதுமையும் பால்பவுடரும் தின்று எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்துத்தான் வாத்தியார் ஆனார். நான் சிங்கப்பூரில் உட்கார்ந்து கணக்கெழுதுவதற்கு அதுதான் காரணம். அதனால் போர்டிங்கை யாரும் குறை சொல்ல விடமாட்டார். அவருக்குப் பணம் அனுப்பிய ஜெர்மனி அம்மா நேரில் வந்தது உண்டா என்று கேட்டேன்.

"ஒரே ஒரு தடவ வந்தாவ. 1967ல. எங்கள வெள்ளச்சட்ட போட வச்சி பாட்டுப் படிக்கச் சொன்னாவ. அன்னைக்குன்னு பாத்து எங்கம்மாவும் வந்துட்டா. வார்டன் ஐயா வெளிய வேப்பமரத்தடியில நிக்கச் சொல்லிட்டாவ."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, கடைசி பஸ் போயிரும்லா. முறுக்க வாட்ச்மேன்ட்ட குடுத்துட்டுப் போயிட்டா. ஏளா, அங்க கொசு அதிகமாமே, மாத்திர போட்டியா?"

அவ்வளவுதான் சொன்னார். ஆச்சி இருந்தவரைக்கும் இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

ஊர் திரும்பியபின் கொஞ்சம் தேடிப் படித்தேன். 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானத்திலேயே, காப்பகங்களுக்குத் தன்னார்வலர்கள் போய்வருவதால் வரும் கெடுதல் பேசப்பட்டிருக்கிறது. நர்ஸ் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

கமிட்டியில் ஒரு தாளை வைத்தேன். டெர்முக்கு 150,000 ஷில்லிங் என்றால் சுமார் 55 வெள்ளி. மூன்று டெர்முக்கு 165. 46 பிள்ளைகளுக்கு 7,590. ஐந்து வருஷத்துக்கு 37,950. எங்கள் டிரிப் செலவில் இது போக 450 வெள்ளி மிச்சம். எல்லாப் பிள்ளைக்கும் அம்மா இருக்காது, படிப்புச் செலவோடு முடியாது, வீட்டில் சோறு வேண்டும் என்பதெல்லாம் எனக்கும் தெரியும். கணக்கு கணக்குதான்.

பாஸ்டர் தாளை இரண்டு தடவை படித்தார். "போய்ப் பாத்துட்டு வந்தவங்கதான் குடுப்பாங்க சிஸ்டர். டிரிப் இல்லன்னா இந்த 38,400 மொதல்ல வந்தே இருக்காது." நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று ஞாயிறு பிரியாணிப் பொட்டலத்தை எதைச் சொல்லி விற்றோம் என்பது பொருளாளருக்குத் தெரியாதா? அடுத்த டிசம்பருக்குப் பெயர் கொடுக்கும் தாள் நோட்டீஸ் போர்டில் தொங்குகிறது. ஒன்பது பேர் எழுதியாயிற்று.

நர்ஸ் அக்காவும் நானும் இன்னொருவரும் சேர்ந்து அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் போன் வழியாக, மொபைல் மணியில் பணம் அனுப்புகிறோம். பிப்ரவரியில் அம்மா அவளை வீட்டுக்குக் கூட்டிப்போய் பக்கத்துப் பள்ளியில் சேர்த்திருக்கிறார். பள்ளியில் கொண்டுவரச் சொன்ன சாமான் பட்டியலை வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்: நோட்டு 12, பென்சில் ஒரு பெட்டி, டாய்லெட் பேப்பர் 4 ரோல், வெள்ளைத்தாள் 1 ரீம், துடைப்பம் 2.

துடைப்பம் எதற்கு என்று கேட்டேன். வகுப்பறையைப் பிள்ளைகள்தானே கூட்டவேண்டும் என்று பதில் வந்தது.