பால் போதுகிறதா? டயப்பரைக் கேளுங்கள்

குழந்தை பிறந்த இரண்டாம் நாள் ராத்திரிதான் பல வீடுகளில் பால்புட்டி உள்ளே நுழைகிறது. முதல் நாள் முழுக்கத் தூங்கி வழிந்த பிள்ளை அன்றைக்குத் திடீரென்று விழித்துக்கொள்ளும். மார்பில் போட்டால் குடிக்கும், ஐந்து நிமிஷத்தில் கண் சொருகும், கீழே படுக்கவைத்ததும் வீறிடும். சுற்றி இருப்பவர்கள் ஆளாளுக்கு "பால் பத்தலை போல" என்பார்கள். பெற்றவளும் நம்பிவிடுவாள்.

அந்த ராத்திரி அப்படித்தான் இருக்கும். பிள்ளை சப்பச் சப்பத்தான் மூன்றாம், நான்காம் நாளில் பால் பெருகி இறங்குகிறது. அந்த நேரத்தில் காரணமில்லாமல் புட்டியைக் கொடுத்தால் சப்புவது குறையும், சுரப்பும் பின்தங்கும். பிறகு நிஜமாகவே பத்தாமல் போய்விடும். (எடை அதிகம் இறங்கியது, ரத்தச் சர்க்கரை குறைவு என்று டாக்டர் கொடுக்கச் சொன்னால் அது வேறு விஷயம். தயங்காமல் கொடுங்கள், கூடவே பாலைப் பீய்ச்சி எடுத்துக்கொண்டும் இருங்கள்.)

முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி சீம்பால் போதும். ஒரு டீஸ்பூன் 5 மில்லி, அவ்வளவுதான் கணக்கு. மூன்றாம் நாளில்தான் 15 முதல் 30 மில்லி வரை தேவைப்படும். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை கொடுக்க வேண்டும். மணி பார்த்து இல்லை, பிள்ளை வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடும்போது. அழுகை வரும்வரை காத்திருந்தால் காம்பைப் பிடிக்கவைப்பதே பெரும்பாடாகிவிடும்.

எவ்வளவு உள்ளே போனது என்று மார்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. வெளியே வருவதை எண்ணலாம். முதல் நாள் ஒரு ஈர டயப்பர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாறு நாளில் ஒரு நாளைக்கு ஆறுக்குக் குறையக் கூடாது. இப்போதைய டயப்பர் ஈரத்தை உறிஞ்சி ஒளித்துவிடும். புது டயப்பர் ஒன்றில் மூன்று மேஜைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், கனம் பிடிபட்டுவிடும். மலம் முதலில் கறுப்பாகத் தார் மாதிரி ஒட்டும், பிறகு பச்சை கலக்கும், ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாகிக் கடுகு தூவினாற்போல் இருக்கும். ஐந்தாம் நாளும் கறுப்பாகவே போனாலோ, டயப்பரில் செங்கல் பொடி மாதிரிக் கறை தொடர்ந்து வந்தாலோ பால் போதவில்லை என்று அர்த்தம். அன்றைக்கே எடை போட்டுப் பார்க்க வேண்டும். முதல் சில நாளில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை இறங்குவது சகஜம். 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்க்கட்டும். இரண்டு வாரத்துக்குள் பழைய எடை திரும்பிவிட வேண்டும்.

பெரும்பாலான சிக்கல் பிள்ளை மார்பைப் பிடிக்கும் பிடியில்தான். பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றைத் தொட, மூக்கு காம்புக்கு நேராக இருக்கட்டும். கொட்டாவி விடுகிற அளவு வாய் திறந்ததும் பிள்ளையை மார்புக்கு இழுங்கள். நீங்கள் குனியாதீர்கள், முதுகுதான் போகும். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி, கருவட்டம் மேலே அதிகமும் கீழே குறைவாகவும் தெரிந்தால் பிடி சரி. சரசரவென்று சப்பிவிட்டு, தாடை ஆழமாக இறங்கி ஒரு கணம் நின்று, மெல்ல ஒரு 'க்' சத்தம் கேட்டால் விழுங்குகிறது. குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள்: உருண்டையாக இருந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் நுனி மாதிரிச் சாய்வாக நசுங்கியிருந்தால் பிள்ளை நுனியை மட்டும் கடித்திருக்கிறது. புண் வருவது அதனால்தான். சுண்டுவிரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி போடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை.

சில பிள்ளைகள் எழவே எழாது. பழைய எடை திரும்பும்வரை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எழுப்பிப் பால் கொடுங்கள். டயப்பரோடு மட்டும் உங்கள் வெறும் மார்பில் போட்டால் பெரும்பாலும் விழிக்கும். அப்படியும் சப்பாவிட்டால், காம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் 'ப' வடிவில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களைச் சேருங்கள். தோலில் வழுக்கி இழுக்கக் கூடாது. வரும் சொட்டுகளைக் கரண்டியில் பிடித்துப் புகட்டலாம். மூன்றாம் நாளுக்கு மேல் மார்பு கல்லாக இறுகிக் காம்பு தட்டையானாலும் இதே வேலைதான்: கருவட்டம் இளகும் அளவு மட்டும் எடுத்துவிட்டுப் போடுங்கள். குடித்த பின் குளிர் ஒத்தடம்.

தண்ணீர், தேன் இரண்டும் வேண்டாம். தேனால் வரும் நச்சு ஒரு வயது வரைக்கும் ஆபத்து.

தொப்புள் கொடிக்கு எதுவும் பூச வேண்டியதில்லை. டயப்பரை அதற்குக் கீழே மடித்து, உலர விட்டால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானே விழும். சுற்றிலும் தோல் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காட்டுங்கள். மஞ்சள் காமாலை இரண்டாம், மூன்றாம் நாளில் முகத்தில் லேசாக எட்டிப்பார்ப்பது பொதுவானது. முதல் 24 மணி நேரத்துக்குள் தெரிந்தாலோ, கால்வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டாலோ ஜன்னல் வெயிலை நம்பி உட்காராமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். உடல் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரி. போர்த்தியும் 36.5-க்குக் கீழேயே நின்றாலும் அப்படித்தான்.

பெற்றவளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்து வலிப்பது கர்ப்பப்பை சுருங்குவதால், அது நல்லதுக்குத்தான். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைவது, விடாத தலைவலியோடு கண் மங்குவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவை எதுவும் விடியும்வரை காத்திருக்கிற விஷயமில்லை. மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்தில் தணியும். தணியாவிட்டால், அல்லது தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலே, அவளைத் தனியாக விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.