லைட்டருக்குள் ஒரு பீங்கான் துண்டு

"பேட்டரி தீர்ந்துவிட்டது போலிருக்கிறது, மாற்றிக் கொடு" என்று காலையில் அம்மா அடுப்பு லைட்டரை நீட்டினார்.

அதற்குப் பேட்டரியே கிடையாது.

மேற்கு மாம்பலம் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங், ஒரு குட்டிச் சுத்தியல், அதற்கு எதிரே அரிசியைவிடச் சற்றுப் பருத்த பீங்கான் துண்டு. அவ்வளவுதான்.

விசையை அழுத்தினால் சுத்தியல் டக்கென்று அடிக்கிறது. அந்த அடியில் துண்டின் படிகங்களுக்குள் நேர், எதிர் மின்னூட்டங்கள் துளியூண்டு இடம் பெயர்கின்றன. கண் இமைப்பதற்குள் பல ஆயிரம் வோல்ட். பொறி!

1880-இல் பாரிஸில் ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தது இது. குவார்ட்ஸ், டூர்மலின் போன்ற படிகக் கற்கள் என்று அவர்கள் சோதித்த வரிசையில் கரும்புச் சர்க்கரையும் உண்டு. எங்கள் அடுப்புக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கும் அதே சர்க்கரை! (அம்மாவுக்கு இந்தச் செய்தியில் துளியும் ஆர்வமில்லை.)

இது தலைகீழாகவும் நடக்கும், மின்சாரம் கொடுத்தால் படிகம் நெளியும் என்று மறு ஆண்டே இயற்பியலாளர் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். சகோதரர்கள் செய்தே காட்டிவிட்டார்கள்.

கூடத்துச் சுவர்க் கடிகாரம் அந்த நெளிவில்தான் ஓடுகிறது. உள்ளே குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. கடிகாரத்தின் சில்லு செய்வதுபோல அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள், மிச்சம் நொடிக்கு ஒன்று. ஒரு 'டிக்'.

லைட்டருக்கு வந்த நோய் பெரிதில்லை. முனையில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்து மாட்டினேன். டக், பொறி.

"புது பேட்டரியா?" என்றார் அம்மா.