மான் கறி சில்லி: விஸ்கான்சின் நாட்குறிப்பு

நவம்பர் 23, 2024, சனி

விடிவதற்கு முன்பே தெருவில் பிக்கப் வண்டிகள் கிளம்பிவிட்டன. அமெரிக்காவின் இந்த விஸ்கான்சின் மாநிலத்தில் துப்பாக்கி மான் வேட்டைப் பருவம் இன்று தொடக்கம். நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளுக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பித்து ஒன்பது நாள் நடக்கும். பெட்ரோல் பங்க்கில் காபிக்கு நின்றவர்களில் பாதிப் பேர் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அங்கியில் இருந்தார்கள். வேட்டைக்காரர்கள் ஒருவரையொருவர் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சட்டமே கேட்கும் நிறம் அது. 2016 முதல் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் செல்லும். அதை அணிந்த ஆணை நான் இன்னும் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் இந்த ஆண்டு எங்களுக்கும் ஒரு பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார். காட்டு மான் கறியை இங்கே விற்கக் கூடாது. கொடுக்கலாம், வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். கடையில் 'மான் கறி' என்று கிடைப்பது பண்ணையில் வளர்ந்தது, பெரும்பாலும் நியூசிலாந்திலிருந்து வருவது.

கோவில்பட்டிக்குப் போன் செய்தபோது அம்மாவிடம் சொன்னேன். "மான் கறியா? போலீஸ் பிடிக்காதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த யாருக்கும் முதலில் அதுதான் தோன்றும். "இங்கே லைசென்ஸ் வாங்கித்தான் சுடுகிறார்கள் அம்மா" என்றேன். "எதற்கும் வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே" என்று வைத்துவிட்டார்.

நவம்பர் 25, திங்கள்

பெரியவருக்கு நேற்றுக் கிடைத்துவிட்டது. வெள்ளைவால் மான், இளம் பெட்டை. சுட்டதை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். அவர் காட்டிலிருந்தே போனில் முடித்துவிட்டார். தலையை மட்டும் தனியே ஒரு பையில் கட்டி, சீட்டு எழுதி, இயற்கை வளத் துறையின் பெட்டியில் போட்டுவிட்டு வந்தார். ஏன் என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

மாலை அவருடைய கேரேஜில் கறி சுத்தம் செய்யப் போனேன். முதுகுக்கறி இரண்டு நீளத் துண்டுகளையும் அவர் பேச்சில்லாமல் தன் பக்கம் தள்ளிக்கொண்டார். அதை யாரும் கைமா போடுவதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை. எங்கள் பங்குக்கு வந்தது தோள், கழுத்து, முன்னங்கால். நான் செய்யப்போவது சில்லி, அதாவது மிளகாய் விழுதில் கைமாவை வேகவைக்கும் அமெரிக்கக் குழம்பு. அதற்கு இவையே போதும், சுவையும் இவற்றில்தான்.

வேலையில் பெரும்பகுதி கழிப்பதுதான். ஆட்டுக்கறியில் கொழுப்போடு வாங்குவதுதான் சாமர்த்தியம் என்று வளர்ந்தவள் நான். மானில் அது நேர் தலைகீழ். ஒரு துண்டு வெள்ளைக் கொழுப்பை விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். உருகவில்லை, பிசுபிசுக்கவும் இல்லை, மெழுகுபோல் உதிர்ந்தது. சாப்பிடும்போது அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்வதும், 'காட்டு வாடை' என்று பலர் முகம் சுளிப்பதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பதும் இந்தக் கொழுப்புதான். தசைமேல் பளபளக்கும் ஜவ்வும் போக வேண்டும். கத்தி முனையை ஜவ்வுக்கு அடியில் நுழைத்து, கூர்ப்பக்கத்தைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் ஒரே நாடாவாக வருகிறது. அரைக்கும்போது கத்தியில் சுற்றிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்துவதும் அதே ஜவ்வுதான்.

குண்டு பாய்ந்த இடத்தைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மேலேயே வெட்டி எறிந்தார். எனக்கு மனம் கேட்கவில்லை, அவர் கேட்பதாக இல்லை. ஈயக் குண்டு உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும். 2008-இல் வட டகோட்டாவில் உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான் கைமாவைப் பரிசோதித்து, ஈயம் இருப்பது தெரிந்து, எறியச் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் செம்புக் குண்டுக்கு மாறிவிட்டார். வெட்டி எறியும் பழக்கம் மட்டும் போகவில்லை.

நவம்பர் 28, வியாழன்

நன்றி நவிலல் விருந்து பெரியவர் வீட்டில். வான்கோழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எப்போதும்போல் வறண்டிருந்தது.

பேச்சுதான் சுவை. அவருடைய மருமகன் டெக்ஸஸ்காரர். சில்லியில் பீன்ஸ் போடுவேன் என்று நான் சொன்னதும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அந்த ஊர்க்காரர்களுக்குச் சில்லி என்றால் கறியும் மிளகாயும்தான். டெக்ஸஸின் சான் அந்தோனியோ நகரச் சதுக்கங்களில் மாலையானால் பெண்கள் அடுப்பு மூட்டி, பாத்திரத்தோடு உட்கார்ந்து விற்ற சாப்பாடு அது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் சான் அந்தோனியோ சில்லிக் கடை இருந்தது. 1977-இல் டெக்ஸஸ் அதை மாநில உணவாகவே அறிவித்துவிட்டது.

அறுபதுகளில் அமெரிக்க அதிபராக இருந்த டெக்ஸஸ்காரர் லிண்டன் ஜான்சன் மான் கறிச் சில்லியைத்தான் விரும்பினாராம். பெடர்னாலஸ் ஆற்றங்கரையில் அவருடைய பண்ணை. சுற்றிலும் மான் மிகுந்த மலைநாடு. சமையல் குறிப்பைக் கேட்டுக் கடிதங்கள் குவிந்ததால் வெள்ளை மாளிகையிலிருந்து அட்டையில் அச்சடித்தே அனுப்பினார்கள். 1955-இல் மாரடைப்பு வந்தபிறகு அதிலிருந்து மாட்டுக்கொழுப்பு போய்விட்டது. அந்தக் குறிப்பிலும் பீன்ஸ் கிடையாது. தக்காளி மட்டும் உண்டு. அதைச் சுட்டிக்காட்டினேன், மருமகன் பேச்சைக் கால்பந்துக்கு மாற்றிவிட்டார்.

டிசம்பர் 2, திங்கள்

கறி உறைபெட்டியில் கிடக்கிறது, தொடவில்லை. பரிசோதனை முடிவு வரவில்லை.

மான்களுக்கு வரும் நோய் ஒன்று இருக்கிறது. மூளையைச் சிதைத்து, எலும்பும் தோலுமாக்கிக் கொன்றுவிடும். விஸ்கான்சினில் அதை 2002-இல் முதன்முதலாகக் கண்டுபிடித்தது இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத மவுண்ட் ஹோரெப் பக்கம். கிருமி இல்லை, வைரஸும் இல்லை. உருக்குலைந்த ஒரு புரதம், பிரியான். எவ்வளவு கொதித்தாலும் சாகாது, ஏனென்றால் அதற்கு உயிரே இல்லை. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை நிரூபணம் இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. தலையைக் கொடுத்தது இதற்காகத்தான்: தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர் முடிச்சை எடுத்துச் சோதிப்பார்கள். கட்டணம் இல்லை.

என் கணவர் காத்திருக்க முடியாதவர். நன்றாக வேகவைத்தால் போகாதா என்று நாளுக்கொரு முறை கேட்கிறார். எந்தச் சந்தேகத்தையும் இஞ்சி பூண்டு விழுதும் குக்கர் விசிலும் தீர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் நாம். இங்கே அந்த வித்தை எடுபடாது. மான் கறியில் சமையல் பாதிக்குமேல் அடுப்புக்கு முன்பே முடிந்துவிடுகிறது: எதைக் கழிக்கிறோம், எதைச் சேர்க்கிறோம், எதுவரை பொறுக்கிறோம். மசாலா கடைசியில் வந்து சேரும் விருந்தாளி.

டிசம்பர் 6, வெள்ளி

நோய் இல்லை என்று முடிவு வந்துவிட்டது. கறியை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றினேன். கசாப்புக் கடையில் பன்றி முதுகுக்கொழுப்பு வாங்கினேன். இந்த ஊரில் பலர் மாட்டுக்கொழுப்பு கலப்பார்கள். எங்கள் வீட்டில் மாடு இல்லை. பன்றிக்கொழுப்பில் ஒரே குறை, உறைபெட்டியிலும் சீக்கிரம் சிக்கு நாற்றம் தட்டும்.

டிசம்பர் 7, சனி

காலையில் அரைத்தேன். கறியும் கொழுப்பும் பாதி உறைந்த நிலையில் இருக்க வேண்டும், இயந்திரத்தின் இரும்புப் பாகங்களையும் குளிர வைத்துவிட வேண்டும். சூடேறினால் கொழுப்பு இழுகிக் களியாகிவிடும். நூற்றுக்குப் பதினைந்து என்ற கணக்கில் கொழுப்பு. பர்கருக்கு என்றால் இன்னும் கூட்டுவேன். பெரிய துளைத் தட்டில் ஒரே ஒருமுறை. சில்லிக்கு நைசாக அரைத்தால் கடைசியில் பாத்திரத்தில் கறி இருக்கும், கடிக்க ஒன்றும் இருக்காது.

நேற்று இரவே சிவப்பு பீன்ஸை, அதாவது ராஜ்மாவை, ஊறவைத்திருந்தேன். அதைத் தனியாகத் தளதளவென்று அரை மணி கொதிக்கவிட்டு, பிறகு மெல்ல வேகவைத்தேன். பச்சை ராஜ்மாவில் வயிற்றைப் புரட்டிப் போடும் ஒரு நஞ்சு இருக்கிறது. நன்கு கொதித்தால்தான் அடங்கும். ஊறிய ராஜ்மாவை அப்படியே மின்சார ஸ்லோ குக்கரில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், அதன் சூடு அதற்குப் போதாது.

மிளகாய்: ஆஞ்சோ ஐந்து, குவாஹியோ நான்கு, ஒரு கிலோ கைமாவுக்கு. இரண்டுமே மெக்சிகோவின் உலர்மிளகாய், காரத்துக்கு அல்ல, நிறத்துக்கும் மணத்துக்கும். குவாஹியோ கிடைக்காவிட்டால் கர்நாடகத்துப் பியாடகி மிளகாய் போடலாம், பழுதில்லை. காம்பும் விதையும் நீக்கி, தோசைக்கல்லில் லேசாகப் புரட்டி எடுத்தேன். உலர்ந்த பழத்தின் வாசனை வந்ததும் இறக்கிவிட வேண்டும். கருகினால் கசப்பு கடைசிவரை போகாது. வெந்நீரில் ஊறவைத்து மிக்ஸியில் விழுதாக்கினேன். கடையில் பாட்டிலில் விற்கும் சில்லிப் பொடியிலேயே சீரகமும் பூண்டும் ஒரிகானோவும் கலந்திருக்கும். அதைப் போடுகிறவர்கள் சீரகத்தைக் குறைத்துக்கொள்ளட்டும்.

கனத்த இரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ந்ததும் கைமாவை மூன்று தவணையாகப் போட்டேன். மொத்தமாகக் கொட்டினால் நீர் விட்டுக்கொண்டு வேகும், வறுபடாது. போட்டதும் கிளறக் கூடாது. அடியில் பழுப்பேறி, ஓரம் தானாகச் சட்டியை விட்டு எழும்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நமக்குக் கஷ்டமான வேலை அதுதான். பிறகு அதே சட்டியில் பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு ஆறு பல், வறுத்துப் பொடித்த சீரகம் இரண்டு தேக்கரண்டி, ஒரிகானோ ஒன்று. மிளகாய் விழுதைப் பச்சை வாசம் போக வதக்கி, 800 கிராம் டின் தக்காளியும் கறியும் சேர்த்தேன். அரை டம்ளர் ஃபில்டர் காபி டிகாஷனும் ஊற்றினேன். இது என் குறும்பு இல்லை, சில்லியில் காபி ஊற்றுகிறவர்கள் இங்கேயே நிறைய இருக்கிறார்கள். மானின் இரும்புச் சுவைக்கு அந்தக் கசப்பு பொருந்துகிறது.

பட்டையும் கிராம்பும் போடாமல் இது என்ன குழம்பு என்று கணவர் அடுப்படியில் வந்து நின்றார். வேண்டாம் என்றேன். 1922-இல் சின்சினாட்டியில் கடை திறந்த மாசிடோனிய சகோதரர்கள் தொடங்கிவைத்த சில்லியில் பட்டை உண்டு என்று எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து காட்டினார். உண்மைதான். ஆனால் அது ஸ்பகெட்டிமேல் ஊற்றிச் சாப்பிடுவது. அவருக்கு ஒரே ஒரு சிறு துண்டுப் பட்டை போட்டேன், கால் மணியில் எடுத்தும்விட்டேன்.

மூடியைச் சற்றே திறந்து வைத்து, சிறுதீயில் ஒன்றரை மணி நேரம். ராஜ்மா கடைசி அரை மணிக்கு. இறக்கும்முன் ஒரு கரண்டி சோளமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு மூடி வினிகர் விட்டேன். உப்பை அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும்.

இன்று சாப்பிட்டபோது நன்றாக இருந்தது. மிளகாய் தனியாகவும் கறி தனியாகவும் தெரிந்தன.

டிசம்பர் 8, ஞாயிறு

இன்றுதான் ஒன்றுசேர்ந்திருக்கிறது. மகள் சோள ரொட்டியோடு சாப்பிட்டாள். கணவர் சோற்றில் பிசைந்து, அப்பளம் பொரித்துக் கேட்டார். பொரித்தேன், எனக்கும் இரண்டு.

பெரியவருக்கு ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்தார், தலையாட்டினார், பிறகு வேகவைத்த மக்ரோனியை எடுத்து வந்து அதன்மேல் கொட்டிக்கொண்டார். இந்த மாநிலத்துப் பழக்கம் அது. மிளகாயை ஒவ்வொன்றாகத் தேர்ந்து வாங்கியவளுக்கு எப்படி இருக்கும்! டெக்ஸஸ் மருமகனை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

மீதிக் கைமாவை அரைக் கிலோப் பைகளாகத் தட்டையாக அழுத்தி, தேதி எழுதி உறைய வைத்தாயிற்று. பன்றிக்கொழுப்பு கலந்தது, மார்ச்சுக்குள் தீர வேண்டும். அடுத்தது கோலா உருண்டை. பொட்டுக்கடலை வாங்க வேண்டும், அம்மாவிடம் கசகசா அளவு கேட்க வேண்டும். என்ன கறி என்று கேட்டால் ஆடு என்று சொல்லப் போகிறேன்.