மோட்டாரை மாற்றினேன், 1.25 மில்லிமீட்டர் தொலைந்தது

50 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டம் வெட்டச் சொன்னால் என் சிஎன்சி ரூட்டர் (கணினி சொல்லும் பாதையில் மரத்தை வெட்டும் இயந்திரம்) அதைச் சற்றே நசுங்கிய வட்டமாகத்தான் வெட்டித் தரும். கெட்டியான மரத்தில் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் அதன் ஸ்டெப்பர் மோட்டார்கள் உறுமிவிட்டு ஸ்டெப்களை, அதாவது தாம் எடுக்க வேண்டிய சிறு சுழல் அடிகளைத் தவறவிடும். அதற்குப் பிறகு வெட்டுவதெல்லாம் இடம் பெயர்ந்திருக்கும். எல்லாப் பழியையும் நீமா 17 என்ற சிறிய அளவு மோட்டார்கள் மேல் போட்டிருந்தேன். பெரிய மோட்டார் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நம்பினேன்.

வாங்குவதற்கு முன் டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் கருவி) வைத்து அளந்து பார்த்தது நல்லதாகப் போயிற்று. எக்ஸ் அச்சை 1 மில்லிமீட்டர் முன்னே நகர்த்தி, அதே அளவு பின்னே நகர்த்தினால் முள் பழைய இடத்துக்கு வரவில்லை. 0.18 மில்லிமீட்டர் குறைந்தது. மோட்டார் கரன்ட்டில் இறுகி நிற்கும்போதே, வெட்டும் தலையைத் தாங்கி நகரும் வண்டியைக் கையால் தள்ளினேன், முள் இன்னும் 0.1 ஆடியது. மோட்டார் தண்டு அசையவே இல்லை. மோட்டாரையும் திருகையும் இணைக்கும், சுருள் வெட்டு போட்ட அலுமினியக் கப்ளிங் ஸ்பிரிங்போல நீண்டு சுருங்கிக்கொண்டிருந்தது. நசுங்கிய வட்டத்துக்குக் காரணம் மோட்டார் அல்ல, தேய்ந்த பித்தளை நட்டும் அந்தக் கப்ளிங்கும்தான்.

எனவே, மோட்டார் சுழற்றும்போது நட்டையும் அதோடு வண்டியையும் நகர்த்தும் திருகிலிருந்து தொடங்கினேன். இருந்தது டி8 திருகு: 8 மில்லிமீட்டர் விட்டம், சுற்றுக்கு 8 மில்லிமீட்டர் நகர்வு. புதியது, நட்டுக்குள் குண்டுகள் உருளும் 1605 பால் ஸ்க்ரூ: 16 மில்லிமீட்டர் விட்டம், சுற்றுக்கு 5 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களும் மோட்டாரைத் தேர்ந்தெடுத்துவிடுகின்றன. தண்டின் சுழல் நிலைமம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் வளர்கிறது. விட்டம் இரட்டிப்பானால் அதே நீளத் திருகைச் சுழற்றிவிடும் பாரம் 16 மடங்கு. நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஓட டி8 திருகுக்கு 375 சுற்று போதும், 1605க்கு 600 சுற்று வேண்டும். ஸ்டெப்பர் மோட்டாரின் முறுக்குவிசை வேகம் கூடக்கூடச் சரிந்துகொண்டே போகும். பழைய மோட்டாரைப் புதிய திருகில் மாட்டியிருந்தால் முன்பைவிட மோசமாகியிருக்கும்.

அதனால் எக்ஸ், ஒய் இரண்டுக்கும் பெரிய அளவான நீமா 23, முறுக்குவிசை 1.9 நியூட்டன் மீட்டர். முறுக்குவிசையைவிட நான் கவனித்துப் பார்த்தது மோட்டார் சுருளின் இண்டக்டன்ஸ், அதாவது கரன்ட் மாறுவதைத் தடுக்கும் தன்மை. அது அதிகமாக இருந்தால் ஒவ்வொரு ஸ்டெப்பிலும் கரன்ட் ஏறி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும். வேகத்தில் விசை குறைவது இதனால்தான். மின்னழுத்தத்தை உயர்த்தினால் கரன்ட் விரைவாக ஏறும். இதற்குப் பலரும் பின்பற்றும் கணக்கு ஒன்று உண்டு: மில்லிஹென்றியில் இண்டக்டன்ஸின் வர்க்கமூலத்தை 32ஆல் பெருக்கினால் மின்னழுத்தத்தின் மேல் எல்லை. என் மோட்டார் 2.5 மில்லிஹென்றி, எல்லை ஏறக்குறைய 50 வோல்ட். மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிஎம்542 டிரைவரும் 50 வோல்ட் வரைதான் தாங்கும். மோட்டார் வேகம் குறையும்போது மின்சாரம் திரும்பி வந்து அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் எல்லையைத் தொடாமல் 36 வோல்ட் சப்ளையோடு நிறுத்திக்கொண்டேன். முன்பு இருந்தது 12.

பொருத்தும் வேலையில் ஒரு தவறு செய்தேன். நட்டைத் தாங்கும் பிடிப்பியை மாட்டுவதற்காக நட்டைத் திருகிலிருந்து கழற்றினேன். உள்ளே குண்டுகள் இருப்பது தெரியும், அவை அவ்வளவு சுலபமாக வெளியேறும் என்பது தெரியாது. 3.175 மில்லிமீட்டர் குண்டுகள் தரையெங்கும் உருண்டன. ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து, கழுவி, கிரீஸில் ஒட்டவைத்துத் திரும்ப அடுக்க ஒரு மாலை முழுவதும் போனது. நட்டைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால், திருகின் அடிவிட்டத்துக்குச் சமமான குழாயை முனையில் முட்டவைத்து அதன் மேல் நகர்த்த வேண்டும். சுருட்டிய காகிதக் குழாய்கூடப் போதும்.

திருகை நேர்ப்படுத்துவதற்கு அவசரப்படக் கூடாது. பிகே12 தாங்கியை மோட்டார் பக்கம் இறுக்கி, மறுமுனை பிஎஃப்12ஐத் தளர்வாக விட்டேன். வண்டியை மோட்டார் பக்கம் கொண்டுவந்து நட்டின் போல்ட்டுகளை இறுக்கி, பிறகு மறுகோடிக்குத் தள்ளி பிஎஃப்12ஐ இறுக்கினேன். கையால் சுற்றும்போது எந்த இடத்திலும் கனக்கக் கூடாது. ஒய் அச்சில் ஒரு கோடியில் கனத்தது. 0.2 மில்லிமீட்டர் தகடு ஒன்றை அடியில் வைத்ததும் சரியானது. கப்ளிங்குகளை நடுவில் ரப்பர் வைத்த தாடை வகைக்கு மாற்றினேன்.

டிரைவரில் மைக்ரோஸ்டெப் 8 வைத்தேன், அதாவது ஒவ்வொரு ஸ்டெப்பும் எட்டாகப் பிரியும். சுற்றுக்கு 1600 துடிப்பு, 5ஆல் வகுத்தால் மில்லிமீட்டருக்கு 320. இயந்திரத்தை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளின் அமைப்பில், எக்ஸ், ஒய் அச்சுகளுக்கான $100, $101 இரண்டிலும் இந்த எண். 16 வைத்திருந்தால் 3000 வேகத்தில் நொடிக்கு 32,000 துடிப்பு வேண்டும். ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையில் ஜிஆர்பிஎல் தாங்குவது சுமார் 30,000தான்.

ஓட்டிப் பார்த்தேன். சத்தம் குறைந்திருந்தது, பேக்லாஷ் (திசை திரும்பும்போது வீணாகும் நகர்வு) 0.03 மில்லிமீட்டருக்கு வந்திருந்தது. மகிழ்ச்சியோடு ஒரு பூவேலைப் பலகையை வெட்டவைத்தேன். நேரம் போகப் போகக் கோடுகள் ஒரே பக்கமாக நகர்ந்தன.

மறுபடியும் மோட்டாரைத்தான் சந்தேகித்தேன். வேகத்தைப் பாதியாக்கியும் முடுக்கத்தைக் குறைத்தும் அதே அளவு நகர்வு. வெட்டுமுனையைச் சுழற்றும் ஸ்பிண்டிலை அணைத்துக் காற்றில் ஓட்டினேன், அப்போதும் அதே. விசை போதாமல் ஸ்டெப் தவறினால் இப்படி ஒரே சீராகத் தவறாது. எனவே 10 மில்லிமீட்டர் முன்னும் பின்னும் 200 தடவை போய்வரும் ஒரு நிரலை எழுதி டயல் கேஜைப் பார்த்தேன். 1.25 மில்லிமீட்டர். 320ஆல் பெருக்கினால் 400 ஸ்டெப். 200 தடவைக்கு 400. ஒரு தடவைக்குச் சரியாக இரண்டு!

முழு எண் வந்தபோதே இது விசைச் சிக்கல் அல்ல, சமிக்ஞைச் சிக்கல் என்பது உறுதியானது. டிரைவருக்குத் திசைச் சமிக்ஞை, ஸ்டெப் துடிப்புக்குக் குறைந்தது 5 மைக்ரோநொடி முன்பே வந்து நிலைத்திருக்க வேண்டும். ஜிஆர்பிஎல் இரண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அனுப்புகிறது. திசை மாறுவதற்குள் முதல் துடிப்பு போய்ச் சேர்ந்து, மோட்டார் ஒரு ஸ்டெப் பழைய திசையிலேயே நகர்கிறது. பின்னே போக வேண்டியது முன்னே போனதால் பிழை இரண்டு ஸ்டெப். டிரைவர் உள்ளீட்டில் சமிக்ஞையை ஒளியால் கடத்தும் ஆப்டோகப்ளர் எரிவதற்கும் அணைவதற்கும் எடுக்கும் நேரம் ஒன்றல்ல. அதனால் ஒரு பக்கத் திருப்பத்தில் மட்டும் தவறு நடந்தது. இரு பக்கமும் தவறியிருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு என் கண்ணிலேயே பட்டிருக்காது.

தீர்வு ஒரே வரி. $2=3 என்று கொடுத்து எக்ஸ், ஒய் துடிப்புகளைத் தலைகீழாக்கினேன். டிரைவர் நகர்வது துடிப்பு ஏறும் விளிம்பில். தலைகீழானதும் அந்த விளிம்பு துடிப்பின் கடைசிக்குப் போய்விடுகிறது. துடிப்பின் நீளம் 10 மைக்ரோநொடி. திசை நிலைத்து நிற்க அது தாராளம். அதே 200 தடவையை ஓட்டினேன். முள் பூஜ்யத்திலேயே வந்து நின்றது. நம்பாமல் 1000 தடவை ஓட்டினேன், அப்போதும் பூஜ்யம்.

முன்பு கெட்டி மரத்தில் நிமிடத்துக்கு 700 மில்லிமீட்டர், தடவைக்கு 0.8 ஆழம். இப்போது 1800, 1.5 ஆழம். 50 மில்லிமீட்டர் வட்டம் இரு திசையிலும் 0.04க்குள் ஒத்துவருகிறது.

இசட் அச்சை இன்னும் தொடவில்லை. பால் ஸ்க்ரூவில் உராய்வு குறைவு, மின்சாரம் நின்றால் ஸ்பிண்டில் தன் எடையிலேயே இறங்கிப் பலகையில் குத்தும். பிரேக் உள்ள மோட்டாரா, எடையைத் தாங்கும் வாயு ஸ்பிரிங்கா என்று முடிவு செய்யும் வரை அங்கே பழைய டி8 திருகும் நீமா 17உம்தான் இருக்கும்.