மைக் இல்லாம 61 நாள்: 14 பைண்ட்ல ஆரம்பிச்சு 6ல வந்து நின்ன கதை

எங்க வூடு காசிமேடு பக்கம். ஒரு ஹால், ஒரு சின்ன ரூம், கம்ப்யூட்டர் ஹால்ல. அப்பா லாஞ்சுல போறவரு, கடலுக்கு போனா திரும்ப ஒரு வாரம் ஆவும், அப்போ ராத்திரி நான் கேம் ஆடிகினு மைக்ல எவ்ளோ கத்துனாலும் அம்மா மட்டும் தான் திட்டும். ஆனா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளும் அப்பா வூட்ல தான், பகல் பூரா வலை பிரிச்சு தைக்கிறாரு, ஒம்போது மணிக்கு பாய விரிச்சா என் சேர்ல இருந்து ரெண்டடி தள்ளி அவரு தல. மொத நாள் ராத்திரியே நான் "பி-ல மூணு பேரு, பி-ல மூணு பேரு"ன்னு கத்த, தூக்கத்துல எழுந்து உக்காந்து "எவன்டா மூணு பேரு, எங்க வந்துக்கீறானுங்க"ன்னு லுங்கிய மடிச்சு கட்டுறாரு. அதோட மைக் ஆஃப்.

ஆடுறது கவுண்டர் ஸ்ட்ரைக் 2, அஞ்சு பேருக்கு அஞ்சு பேரு துப்பாக்கி சண்ட. டெரரிஸ்ட் டீம் ஏ, பி-ன்னு ரெண்டு எடத்துல ஒண்ணுல பாம் வைக்கணும், இன்னொரு டீம் தடுக்கணும். நாங்க நாலு பேரு, நான், வியாசர்பாடி மச்சான், பெரம்பூர்காரன், திருவொத்தியூர்ல இருக்க பெரியம்மா பையன் (அவர மட்டும் அண்ணா, மத்தவனுங்க எல்லாம் டேய் தான்), அஞ்சாவது ஆளு எவனாவது ரேண்டம். சாட் ஓப்பன் பண்ணி டைப் பண்ணலாம் தான், ஆனா டைப் அடிக்கிற நேரத்துல அமுக்குற கீ எல்லாம் சாட்டுக்குள்ள போயிடும், நம்ம ஆளு பொம்ம மாதிரி நிப்பான். ரெண்டு தடவ "வந்துட்டா"ன்னு பாதி அடிக்கும் போதே ஹெட்ஷாட். அதான் கீ அமுக்குனா மெசேஜ் போற மாதிரி பைண்ட் போடலாம்னு எறங்குனேன்.

வேலை ஈஸி. செட்டிங்ஸ்ல கேம் பக்கத்துல டெவலப்பர் கன்சோலுக்கு யெஸ் குடுத்துட்டு எஸ்கேப்புக்கு கீழ இருக்க கீய அமுக்குனா கன்சோல் வரும், அதுல பைண்ட்னு அடிச்சு டபுள் கோட்ஸ்குள்ள கீ பேரு, இன்னொரு டபுள் கோட்ஸ்குள்ள சே அண்டர்ஸ்கோர் டீம்னு போட்டு மெசேஜ். இங்கிலீஷ் எழுத்துல தமிழ் தான் அடிச்சேன். மச்சான் ஃபோன்ல டைப் பண்ணி அனுப்புன லைன காப்பி பண்ணி போட்டேன், ஒண்ணுமே வேல செய்யல, அர மணி நேரம் மண்டைய ஒடச்சு பாத்தா ஃபோன் கீபோர்டு கோட்ஸ அழகா வளைச்சு போட்டுருக்கு, கன்சோலுக்கு நேரான கோட்ஸ் தான் புரியும். அப்பால எல்லாத்தையும் ஆட்டோஎக்ஸெக் ஃபைல்ல (கேம் தொறக்கும் போது பைண்ட் எல்லாம் தானா ஏத்துற ஃபைல்) எழுதி சிஎஃப்ஜி ஃபோல்டர்ல போட்டேன் (கேம் பேரு 2023லயே மாறிடுச்சு, ஃபோல்டர் பேரு இன்னும் பழைய குளோபல் ஒஃபென்சிவ் தான், புதுப் பேர்ல தேடுனா கெடைக்காது). நோட்பேட்ல சேவ் பண்ணும் போது ஆல் ஃபைல்ஸ்னு மாத்தாம விட்டுட்டேன், பின்னாடி டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கிச்சு, அதுல ரெண்டு நாள் போச்சு.

மொத்தம் 14 பைண்ட். பெருமையா இருந்துச்சு, சொல்லிக்கிறேன்.

அடுத்த கூத்து, "பி ரஷ்"ங்கிற (எல்லாரும் பி-க்கு பாய்னு அர்த்தம்) பைண்ட்ல டீம்ங்கிறத விட்டு வெறும் சேன்னு போட்டுட்டேன். அது ரெண்டு டீமுக்கும் தெரியும். எதிர்ல ஒருத்தன் தேங்க்ஸ்னு போட்டான், பி-ல நாலு பேரு குந்திகினு இருந்தானுங்க. அப்புறம் ஜி கீல "உஷாரு" வச்சிருந்தேன். ஜி தான் துப்பாக்கிய கீழ போடுற கீங்கிறது ஞாபகமே இல்ல. ரவுண்ட் ஆரம்பத்துல இருக்க 15 செகண்டுக்குள்ள அண்ணா "டேய் ஒரு ஏகே போடு"ங்கிறாரு, என்கிட்ட கேம் துட்டு இருக்கு, 2700 குடுத்து அந்த ஏகே துப்பாக்கிய வாங்கி ஜி அமுக்குறேன், துப்பாக்கி விழல, உஷாரு உஷாரு உஷாருன்னு மூணு மெசேஜ் போவுது. "இன்னாடா உஷாரு, துப்பாக்கிய போடுறா"ன்னு அவரு கத்துறாரு. இடது கை எட்டுற கீ எல்லாமே ஏற்கனவே எதுக்கோ புக் ஆயிருக்கும், போடுறதுக்கு முன்னாடி பாத்துக்கணும். எஃப்1, எஃப்2 பக்கம் போகவே இல்ல, ஓட்டு வந்தா யெஸ் நோ அதுல தான்.

மெசேஜும் நீளமா இருந்துச்சு. "பேலஸ்ல இருக்கேன் ரெண்டு பேரு வரானுங்க ஹெல்ப்" மாதிரி (பேலஸ்ங்கிறது மேப்ல ஒரு எடம்). சுட்டுகினு இருக்கவன் எவன் இத படிப்பான்? அப்புறம் தான் கவனிச்சேன், டீம் சாட்ல நம்ம பேரு பக்கத்துலயே நிக்கிற எடமும் தானா வருது, பேலஸ்ல நின்னா பேலஸ்னு அதுவே காட்டும். ஆனா அது நான் நிக்கிற எடம், எதிரி நிக்கிற எடம் இல்ல. அதுக்கு பிங், அதாவது டீமுக்கு மட்டும் தெரியிற மாதிரி ஒரு எடத்துல குறி போடுறது. ஒரே பைண்ட்ல ப்ளேயர் அண்டர்ஸ்கோர் பிங், ஒரு செமிகோலன், அப்புறம் "உஷாரு". கிராஸ்ஹேர் (துப்பாக்கி குறி பாக்குற புள்ளி) எங்க இருக்கோ அங்க குறி விழும், சாட்ல என் எடத்தோட உஷாருன்னு வரும். எனக்கு கெடச்சதுலயே உருப்படியான பைண்ட் இது தான். ரெண்டு கமாண்ட சேத்து போட்டா பேன் ஆயிடுமான்னு மச்சான் பயந்தான். 2024 ஆகஸ்ட்ல கேம் கம்பெனி தடுத்தது ஓடுறது, குதிக்கிறது, சுடுறதுல ரெண்டு வேலைய ஒரே பைண்ட்ல சேக்குறத தான், ஜம்ப் த்ரோ (குதிச்சுகினே குண்டு வீசுறது) பைண்ட் எல்லாம் அதுல போச்சு, சாட்டுக்கு அது பொருந்தாது.

இப்போ "காலி" கதை. மிராஜ்ங்கிற மேப், ஸ்கோர் 11-11, 13 ரவுண்ட் எடுத்தா ஜெயிப்பு. நாங்க டெரரிஸ்ட் சைடு, பாம் பெரம்பூர்காரன் கையில. நான் பேலஸ் வழியா ஏ-க்குள்ள போயி பாக்குறேன், ஒரு ஈ காக்கா இல்ல. "ஏ காலி"ன்னு ஒரு கீ இருந்துச்சு, அமுக்குனேன். ஏ சைட் காலியா கீது, வாடான்னு அர்த்தம். அவன் கனெக்டர்ங்கிற வழி கிட்ட வந்தவன் அப்படியே திரும்பி பி பக்கம் ஓடுறான், இன்னும் 25 செகண்ட் தான், பி-க்கு போற ஷார்ட்ங்கிற வழில மாட்டி செத்தான், ரவுண்டும் போச்சு. கேட்டா "நம்ம ஏரியால காலின்னா இன்னா அர்த்தம், பீஸ் காலின்னு தான, ஏ-ல எல்லாம் முடிஞ்சிதுன்னு நெனச்சேன்"ங்கிறான். எனக்கு செம கோவம், ஆனா யோசிச்சா அவன் சொல்றது கரெக்ட் தான். அன்னைக்கே அத தூக்கிட்டு "ஆளில்ல"ன்னு மாத்துனேன்.

அதுல இருந்து ஒவ்வொண்ணா வெட்டுனேன், 6ல வந்து நின்னுச்சு. மவுஸ் சைடு பட்டன் ரெண்டுல ஒண்ணு பிங்கோட உஷாரு, இன்னொண்ணு ஆளில்ல. கேப்ஸ் லாக்ல "ஏறு" (கேம் முடிச்சு பாஸ்வேர்ட் அடிச்சா எல்லாம் கேப்ஸ்ல போயி தப்பாவும், அது தனி பேஜாரு). "துட்டு இல்ல", "கிட் கீது" ரெண்டும் அவசரம் இல்லாத கீல. கிட் கீதுங்கிறது சும்மா மாதிரி தெரியும், ஆனா பாம் 40 செகண்ட்ல வெடிக்கும், வெறுங்கையில அத எடுக்க (செயலிழக்க வைக்க) 10 செகண்ட், அதுக்குன்னு இருக்க கிட் இருந்தா 5, கடைசி எட்டு செகண்ட்ல யாரு எடுக்கணும் யாரு காவலுக்கு நிக்கணும்ங்கிறத அந்த ஒரு மெசேஜ் முடிவு பண்ணிடும். ஆறாவது "வெயிட்", அத மைக் கீ (பேசும் போது அமுக்கி புடிக்கிற கீ) மேலயே போட்டேன், மைக் தான் சும்மா கீதேன்னு.

ரேண்டமா வரவனுக்கு இது எதுவும் புரியாது. அவனுக்கு கேம்லயே இருக்க ரேடியோ வட்டம் (ரெடிமேட் மெசேஜ் எல்லாம் வட்டமா வரும்) தான், அதுல அனுப்புறது அவனவன் கேம்ல வச்சிருக்க பாஷையில தெரியும்.

ஜூன் 14 ராத்திரி லாஞ்ச் கெளம்பிச்சு. அப்பாவ ஹார்பர்ல விட்டுட்டு வந்து ஹெட்செட்ட மாட்டி மைக்க ஆன் பண்ணேன். ரெண்டு மாசம் அடக்கி வச்சதுக்கு சேத்து பழைய மைக் கீய திரும்ப திரும்ப அமுக்கிகினு "ஏறுடா, ஏ-ல எவனும் இல்ல, ஏறு ஏறு"ன்னு தொண்ட கிழிய கத்துறேன், நாலு பேரும் நின்ன எடத்த விட்டு அசையல. டைம் முடிஞ்சு ரவுண்ட் போன அப்புறம் சாட்ட பாத்தா என் பேர்ல வரிசையா ஏழு "வெயிட்".